துவாலுவின் நிலப்பரப்பு கூடியிருக்கிறது என்றால், அம்மக்கள் ஏன் வெளியேற விண்ணப்பிக்கிறார்கள்?

கேள்வி: புவியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். காலநிலை மாற்றம் பற்றிய பாடத்தில் பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு நாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம். ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 11,000 மக்கள், ஓர் ஆறோ குன்றோ இல்லாத தாழ்ந்த தரை என்று சொன்னவுடன் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

அண்மையில் ஒரு மாணவன் எழுந்து, துவாலு மூழ்கவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்ததாகச் சொன்னான். தேடிப் பார்த்தேன். 2018-ஆம் ஆண்டு ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் அதற்கு ஆதாரம் என்று தெரிந்தது. 1971 முதல் 2014 வரையிலான வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, அந்த ஒன்பது தீவுகளில் அடங்கிய 101 சிறு தீவுத்திட்டுகளின் மொத்தப் பரப்பு 73.5 ஹெக்டேர், அதாவது 2.9 விழுக்காடு, கூடியிருப்பதாக அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் 2025-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் குடியேறுவதற்கான முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் அந்நாட்டிலிருந்து பதிவு செய்திருக்கிறார்கள். அது மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு.

இவ்விரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக இருக்க முடியும்? ஆய்வில் குறையுள்ளதா, அல்லது தீவு மூழ்குகிறது என்று நாம் சொல்லி வந்த விதத்தில்தான் குறையுள்ளதா? அந்த மாணவன் நேர்மையாகக் கேட்டான். அவனுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல விரும்புகிறேன். துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: மணற்கரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடற்கரைப் புவியமைப்பியலில் ஆய்வு செய்பவன் என்ற முறையில், உங்கள் கேள்வியின் முதற்பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

அந்த ஆய்வின் எண்கள் நம்பத்தக்கவை. அதற்கு முன்பே, 2010-இல், ஆர்தர் வெப், பால் கென்ச் ஆகிய இருவரும் மத்திய பசிபிக்கின் 27 தீவுத்திட்டுகளை ஆராய்ந்து, அவற்றில் 86 விழுக்காட்டுத் திட்டுகள் பரப்பளவில் மாறாமலோ கூடியோ இருப்பதைக் காட்டியிருந்தார்கள். 2018-ஆம் ஆண்டின் கட்டுரையும் கென்ச் தலைமையில் வந்ததுதான். அக்காலத்தில் துவாலுவைச் சுற்றிக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வீதம், உலகச் சராசரியைப்போல் இரு மடங்கு வேகத்தில், உயர்ந்தும் நிலம் கூடியிருக்கிறது. ஆகவே மாணவரிடம் அந்த ஆய்வு பொய் என்று சொல்லிவிடாதீர்கள். அது ஏன் அப்படி அமைந்தது என்பதைச் சொல்லிக்கொடுத்தால், பவளத்தீவுகளைப் பற்றி நம் பாடநூல்களில் இல்லாத ஒன்றை அவர் தெரிந்துகொள்வார்.

துவாலுவின் தீவுகள் கடலுக்கு மேல் நிற்கும் மலை முகடுகள் அல்ல. எரிமலை மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்ததால்தான் வட்டப் பவளத்திட்டுகள் உருவாயின என்று டார்வின் கருதினார். அதைச் சோதிப்பதற்காகவே லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை மூன்று குழுக்களை, இன்று துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டி வட்டத்திட்டுக்கு அனுப்பித் துளையிடச் செய்தது. ஏறத்தாழ 340 மீட்டர் ஆழம் வரை தோண்டியும் கிடைத்ததெல்லாம் பவளச் சுண்ணாம்பே. எரிமலைப் பாறையைத் தொட்டது வெகு காலத்துக்குப் பின், 1952-இல், மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் 1,200 மீட்டருக்கும் கீழே துளையிட்டபோதுதான். அந்தத் தடித்த பவள மேடையின் விளிம்பில், கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில், உடைந்த பவளத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளும் அலையால் ஒதுக்கப்பட்டுக் குவிந்தவையே இன்று மக்கள் குடியிருக்கும் திட்டுகள். அம்மணலை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், பெரும் பகுதி கல் உடைந்த துகளாக இராமல் சின்னஞ்சிறு ஓடுகளாகவும், அவற்றுள் சில விண்மீன் வடிவிலும் இருப்பதைக் காணலாம்.

இத்தகைய நிலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. திறந்த கடலைப் பார்த்த கரையில் அரிக்கும், உட்காயல் பக்கத்திலோ தீவின் முனைகளிலோ சேரும். 1972-ஆம் ஆண்டு அக்டோபரில் பெபே புயல் ஃபுனாஃபுட்டியைத் தாக்கியபோது, கிழக்குப் பவள மேடையின் மீது ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமும் 4 மீட்டர் வரை உயரமும் கொண்ட பவளக்கல் வரப்பு ஒன்று ஓர் இரவில் எழும்பியது. பின்வந்த ஆண்டுகளில் அலைகள் அக்கற்களைச் சிறுகச் சிறுகக் கரைநோக்கித் தள்ளி நிலத்தோடு சேர்த்தன. அதே அலைகள், அதே வட்டத்திட்டில் உள்ள தெபுகா சவிலிவிலி என்ற சிறு திட்டின் மரங்களையும் மண்ணையும் 1997-ஆம் ஆண்டுப் புயல்களில் துடைத்துவிட்டன. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான திட்டுகள் பெருத்திருக்கின்றன, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிறுத்திருக்கின்றன. 2.9 விழுக்காடு என்பது இவையெல்லாம் கழித்துக் கூட்டி வந்த நிகர எண். தன் தென்னந்தோப்பின் கரையை இழந்த குடும்பத்துக்கு, ஆளில்லாத வேறொரு திட்டின் முனையில் சேர்ந்த மணல் ஈடாகாது.

இனி நான் முதன்மையாகக் கருதுவதைச் சொல்கிறேன். தீவு உயர வேண்டுமானால் அலை அதன் மேல் ஏறி மணலையும் கற்களையும் விட்டுச் செல்ல வேண்டும். தீவை வளர்க்கும் அந்த நிகழ்வு நடக்கும்போதே அங்கிருக்கும் வீட்டுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் உப்புநீர் புகுந்துவிடுகிறது. வான்படத்தில் நிலப்பரப்பு கூடிய ஆண்டே, தரையில் வாழ்பவருக்கு விளைச்சல் கெட்ட ஆண்டாக இருக்கலாம். நிலம் நிலைத்திருப்பதும் அதில் மனிதர் வாழ முடிவதும் வெவ்வேறு என்பதால்தான், அக்கட்டுரை வெளிவந்தபோது அப்போதைய துவாலு பிரதமர் எனேலே சொபொஆங்கா, வாழ்வதற்கான தகுதியை அது கணக்கில் கொள்ளவில்லை என்று கண்டித்தார். நான் அந்த ஆய்வை மதிக்கிறேன், ஆயினும் அவருடைய கண்டனத்திலும் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

இன்னொன்று, 1971 முதல் 2014 வரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. மணலைத் தருவது உயிருள்ள பவள மேடை. கடல் வெப்பத்தால் பவளம் வெளிறி மடிவதும், நீர் அமிலத்தன்மை அடைவதால் சுண்ணாம்பு ஓடுகள் உருவாவது தளர்வதும் தொடர்ந்தால், உடைந்த பவளத்தால் சில காலம் கற்கள் கூடக் கிடைக்கலாம், பின்னர் வரத்து வற்றிவிடும்.


மறுமொழி 2: சுவாவிலிருந்து

வணக்கம். ஃபிஜியின் சுவா நகரில் குடிநீர்ப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். பணி நிமித்தம் ஃபுனாஃபுட்டிக்குச் சென்று வருபவன். மணற்கரை அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து, தண்ணீரைப் பற்றித் தொடர்கிறேன்.

ஃபுனாஃபுட்டியின் தலைநகரப் பகுதியான ஃபொங்காஃபாலே ஒரு நீண்ட, ஒடுங்கிய திட்டு. அகலமான இடத்திலேயே 400 மீட்டர்தான் இருக்கும், பல இடங்களில் சாலையின் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் காயல். நாட்டின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஃபுனாஃபுட்டி வட்டத்திட்டில்தான் வாழ்கிறார்கள். நடுவே, இரண்டாம் உலகப்போரின்போது 1943-இல் அமெரிக்கப் படையினர் அமைத்த ஓடுபாதை இருக்கிறது. விமானம் வராத நேரங்களில் அதுவே ஊரின் மைதானம். மாலையில் கைப்பந்து ஆடுவார்கள், குடும்பத்தோடு காற்று வாங்குவார்கள், புழுக்கமான இரவுகளில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. விமானம் வரப்போகிறது என்று சங்கு ஒலித்ததும் எல்லாரும் விலகிக்கொள்வார்கள்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் பெருவோதத்தின்போது, அதாவது கடல் ஏற்றம் மிக உயரும் நாட்களில், வெள்ளம் கரையைத் தாண்டி வருவதாகத்தான் வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். அந்த ஓடுபாதையை ஒட்டிய தாழ்ந்த இடங்களில் நான் பார்த்தது வேறு. வெயில் காயும் நடுப்பகலில், ஒரு சொட்டு மழையில்லாமல், புல்லுக்கு இடையில் தரையில் குமிழிகள் எழும். கொஞ்ச நேரத்தில் தெளிந்த நீர் சிறு குளமாகத் தேங்கி, கணுக்கால் வரை ஏறி, வீடுகளின் படிக்கட்டைத் தொடும். தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. அடியிலுள்ள பவளச் சுண்ணாம்பு முழுவதும் துளைகளாக இருப்பதால், கடல் உயரும்போது நிலத்தின் உள்ளேயும் நீர்மட்டம் உயர்ந்து மேலே வந்துவிடுகிறது. கரையில் எவ்வளவு உயரமான சுவர் எழுப்பினாலும் இதைத் தடுக்க முடியாது.

நேர்மையாகச் சொல்வதென்றால், இவ்வெள்ளம் முழுவதையும் கடல்மட்ட உயர்வின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மணற்கரை அவர்கள் குறிப்பிட்ட அந்தத் துளையிடும் குழுவினரின் காலத்து வரைபடங்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, இன்று நீர் ஊறும் நடுப்பகுதி அப்போதே சதுப்பாகவும் அலையாத்தி மரங்கள் நின்ற இடமாகவும் இருந்தது தெரியவந்தது. ஓடுபாதை அமைக்கும்போது சதுப்பு தூர்க்கப்பட்டது. 1978-இல் நாடு விடுதலை பெற்றபின் வெளித்தீவுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் வேறு இடமின்றி அத்தாழ்நிலத்தில் வீடு கட்டினார்கள். பழைய சதுப்பு, பெருகிய குடியிருப்பு, உயரும் கடல் என்ற மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கின்றன. உங்கள் மாணவருக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் இரண்டு காரணங்களும் இருக்கின்றன என்பதால் மூன்றாவது இல்லை என்றாகிவிடாது, ஏற்கனவே தாழ்ந்த இடத்தில் வாழ்பவர்களுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டரும் கூடுதல் சுமைதான்.

பவளத்தீவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரைவிட அடர்த்தி குறைவாக இருப்பதால், பாலின் மேல் படியும் ஆடையைப்போல உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்கும். முன்னோர்கள் அப்படலத்தைத் தொடும் அளவுக்குக் குழி தோண்டி, இலைதழைகளை மக்கவைத்து மண்ணாக்கி, அதில் புலாகா என்ற பெரிய சேம்பை வளர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சோறு அதுதான். ஒரு குழியின் விளிம்பில் நின்று பார்த்தால், ஆளுயர இலைகளில் சில பச்சையாகவும், சில ஓரம் கருகி மஞ்சளாகவும் நிற்கும். உப்பு ஏறிய குழி எது என்பதற்கு வேறு கருவி வேண்டாம். அலை ஒருமுறை மேலேறி அந்தப் படலத்தைக் கெடுத்துவிட்டால் அது மீள்வதற்கு நெடுங்காலம் ஆகும். 2005-ஆம் ஆண்டு பெர்சி புயலுக்குப் பின் குக் தீவுகளின் புகாபுகாவில் நிலத்தடி நீர் குடிக்கும் நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால் மீளவே வாய்ப்பில்லை. 2018-இல் வெளியான வேறோர் ஆய்வு, மார்ஷல் தீவுகளின் ரோய்-நமூர் திட்டை மாதிரியாகக் கொண்டு, ஆண்டுதோறும் அலை மேலேறும் நிலை வரும்போது பெரும்பாலான பவளத்தீவுகளில் குடிக்கத்தக்க நிலத்தடி நீர் இல்லாமற்போகும் என்றும், அந்நிலை இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வரும் என்றும் கணித்தது. நிலம் மூழ்குவதற்கு எவ்வளவோ ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர் போய்விடும் என்பது இதன் பொருள்.

ஃபொங்காஃபாலேயில் நிலத்தடி நீர் கழிவுநீர்த் தொட்டிகளின் கசிவால் ஏற்கனவே கெட்டுவிட்டதால், வீடுகள் கூரையில் விழும் மழையையே தொட்டியில் பிடித்துக் குடிக்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது, நம் சென்னையின் மழையைப்போல் இரண்டரை மடங்கு. இருந்தும் ஏழு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 50 லிட்டர் என்று கொண்டால், 10,000 லிட்டர் தொட்டி முழுதாக நிறைந்திருந்தாலும் நான்கு வாரத்தில் தீர்ந்துவிடும். 2011-ஆம் ஆண்டு, பசிபிக்கின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா காலத்தில் மாதக்கணக்கில் மழை பொய்த்தபோது அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளித் தண்ணீர் என்று பங்கிட்டது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகளை விமானத்தில் அனுப்பின. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு தொட்டிகளும் கூரைநீர்க் கால்வாய்களும் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. மீள்திறன் என்று அறிக்கைகளில் எழுதப்படுவது அங்கே பெரும்பாலும் இதுதான்: ஓட்டையில்லாத கால்வாய், மூடியுள்ள தொட்டி, பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யத் தெரிந்த ஆள்.


புவியியல் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. நிலப்பரப்பு ஒன்று, வாழும் தகுதி மற்றொன்று என்ற வேறுபாட்டை இனி என் பாடத்தின் தொடக்கத்திலேயே வைக்கப் போகிறேன். இரண்டாம் பாதி இன்னும் எனக்குத் தெளியவில்லை. 8,750 பேர் பதிவு செய்ததை நாடே காலியாகிறது என்று பொருள்கொள்வது சரியா? மக்கள் போய்விட்டால் அந்த நாடு சட்டப்படி நாடாக இருக்குமா?


மறுமொழி 3: பன்னாட்டுச் சட்ட மாணவி

வணக்கம் ஆசிரியை அவர்களே. நீங்கள் குறிப்பிட்ட குலுக்கல், ஃபலேபிலி ஒன்றிய ஒப்பந்தத்தின் கீழ் நடப்பது. அது 2023 நவம்பரில் குக் தீவுகளின் ரரோதொங்காவில் கையெழுத்தாகி, 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தர வாழ்வுரிமையுடன் தங்கலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். வேலை உறுதிக் கடிதம் வேண்டியதில்லை. விரும்பும்போது ஊருக்குத் திரும்பலாம், மீண்டும் போகலாம். எனவே பதிவு செய்தவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள் என்று கொள்ள முடியாது. கதவு திறந்திருக்கும்போது பெயரைக் கொடுத்து வைப்பது விவேகமுள்ள எந்தக் குடும்பமும் செய்வதுதான். பிள்ளையின் படிப்பு, மருத்துவம், சம்பளம் ஆகியவையும் அம்முடிவில் கலந்திருக்கும்.

இருந்தாலும் 280 என்ற எண் சிறியதல்ல. 11,000 பேர் உள்ள நாட்டில் அது ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு. போகிறவர்களில் ஆசிரியர்களும் செவிலியர்களும் மின்பணியாளர்களும் மிகுந்தால், எஞ்சியிருப்பவர்களின் வாழ்க்கை கடல் ஏறுவதற்கு முன்பே கடினமாகிவிடும். சுவாவிலிருந்து எழுதிய ஐயா சொன்னதுபோலத் தொட்டியைச் சரிசெய்யத் தெரிந்தவரே போய்விட்டால் என்னாவது என்ற கவலை எனக்கு உண்டு. மேலும், பிற நாடுகளுடன் பாதுகாப்பு தொடர்பான உடன்பாடு செய்வதற்கு முன் ஆஸ்திரேலியாவின் இசைவைப் பெற வேண்டும் என்ற விதியும் அவ்வொப்பந்தத்தில் இருக்கிறது. புகலிடத்துக்கு ஈடாக இறையாண்மையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதா என்று துவாலுவிலேயே பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நாடு நாடாக இருக்குமா என்ற உங்கள் வினாவுக்குத் துவாலு தானே ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறது. காலநிலை மாற்றத்தால் நிலப்பகுதி இழக்கப்பட்டாலும் அரசு என்றென்றும் நீடிக்கும் என்று 2023-இல் திருத்திய தன் அரசமைப்பில் சேர்த்துக்கொண்டது. ஃபலேபிலி ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவும் அதை ஏற்றிருக்கிறது. 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்தில், ஓர் அரசு ஒருமுறை நிலைபெற்றபின் அதன் கூறுகளில் ஒன்று மறைந்துபோவதால் மட்டுமே அரசுத் தகுதி போய்விட வேண்டியதில்லை என்று கூறப்பட்டது. இது வெறும் கௌரவப் பிரச்சினையன்று. துவாலுவின் வருவாயில் பெரும்பங்கு, பிறநாட்டுச் சூரை மீன்பிடிக் கப்பல்கள் அதன் கடற்பரப்பில் மீன்பிடிக்கச் செலுத்தும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. கரை நகர்ந்தால் கடல் எல்லையும் சுருங்கும் என்று யாராவது வாதிட்டு வென்றால், நிலத்தோடு பிழைப்பும் போய்விடும். அதனால்தான் பசிபிக் தீவு நாடுகள் 2021-இல் ஒன்றுகூடி, ஒருமுறை அறிவித்த கடல் எல்லைகள் கடல்மட்டம் உயர்ந்தாலும் மாறா என்று பிரகடனம் செய்தன.

இடம்பெயர்வு துவாலு மக்களுக்குப் புதியதும் அல்ல. துவாலுவின் வைடுபு தீவினர் 1940-களில் தங்கள் சேமிப்பைக் கொண்டு ஃபிஜியில் கியோவா என்ற தீவை விலைக்கு வாங்கி, 1947-இல் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள், தங்கள் மொழியையும் வழக்கங்களையும் காத்து வருகிறார்கள். தாமே தேர்ந்து, தமக்கென நிலம் வாங்கி, கூட்டமாகப் போனது அது. இன்று குலுக்கலில் பெயர் வந்தவர் மட்டும் போகிறார். இவ்வேறுபாட்டை மாணவர்கள் விவாதிக்கலாம் என்று நினைக்கிறேன்.


மறுமொழி 4: துறைமுகப் பொறியாளர்

மேலே எழுதிய அனைவரையும் மதிக்கிறேன், ஆயினும் இத்தொடரில் ஒரு சோர்வு தெரிகிறது. வெளியேறுவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு நிலத்தை உயர்த்துவதைப் பற்றியும் பேச வேண்டும். 2017-இல் தொடங்கிய கடற்கரைத் தகவமைப்புத் திட்டத்தின் கீழ், பசுமைக் காலநிலை நிதியத்தின் 36 மில்லியன் டாலர் உதவியோடு, ஃபொங்காஃபாலேயின் காயல் பக்கத்தில் 780 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட நிலத்தை உருவாக்கி 2023-இன் இறுதியில் முடித்தார்கள். காயலின் அடியிலிருந்து மணலை இறைத்து, பெரிய துணிப்பைகளில் மணல் நிரப்பி அடுக்கிய தடுப்புக்குப் பின்னால் கொட்டி, 2100-க்குப் பின்னும் புயல் அலை எட்டாத உயரத்துக்கு அதை எழுப்பியிருக்கிறார்கள். தரையே உயரமாக இருப்பதால் அடியிலிருந்து நீர் ஊறும் சிக்கலும் அங்கே எழாது. 2022-இல் அரசு வெளியிட்ட நீண்டகாலத் திட்டம் இதேபோல் 3.6 சதுர கிலோமீட்டர் உயர்நிலத்தை உருவாக்க எண்ணுகிறது. போரின்போது ஓடுபாதைக்காகத் தோண்டி, எழுபது ஆண்டுகளாகக் குப்பையும் கழிவுநீரும் தேங்கிக் கிடந்த குழிகளையும் 2015-இல் காயல் மணலைக் கொண்டே நிரப்பினார்கள். முடியும் என்பதற்கு இவை சான்று.

2015 மார்ச்சில் பாம் புயல் துவாலுவை நேரடியாகத் தொடவேயில்லை. தொலைவில் கடந்துபோன அதன் பேரலைகளே நூயி முதலிய தீவுகளுக்குள் புகுந்து, நாட்டு மக்களில் 45 விழுக்காட்டினரை இடம்பெயரச் செய்ததாகப் பிரதமர் அறிவித்தார். அத்தகைய நாளில் மக்கள் ஏறி நிற்க உயர்ந்த தரை வேண்டும். மணல் தானே சேர்ந்து தீவு உயரும் வரை காத்திருங்கள் என்று குழந்தை உள்ள எந்த வீட்டுக்கும் நாம் சொல்ல முடியாது.


மறுமொழி 5: மணற்கரை

பொறியாளர் அவர்கள் சொல்லும் அவசரத்தை முழுவதும் ஏற்கிறேன். ஃபொங்காஃபாலேயில் இன்று உள்ள மக்கள் நெருக்கத்துக்கு உயர்நிலம் எழுப்புவதைத் தவிர வேறு வழி எனக்கும் தெரியவில்லை. நாசாவின் கடல்மட்டக் குழு 2023-இல் அளித்த மதிப்பீட்டின்படி, முப்பது ஆண்டுகளில் 15 சென்டிமீட்டர் உயர்ந்த கடல், 2050-க்குள் மேலும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரும். அப்போது இன்றைய நிலத்தின் பெரும்பகுதி உயர் ஓத மட்டத்துக்குக் கீழே போய்விடும். காத்திருக்க நேரமில்லை என்பது உண்மை.

என் தயக்கம் இரண்டு இடங்களில் இருக்கிறது. இறைக்கும் மணல் உயிர்கள் உருவாக்கியது, நாம் எடுக்கும் வேகத்தில் அது திரும்ப விளையாது. அந்த உயிர்கள் இன்று ஃபொங்காஃபாலேயின் காயல் கரையில் நலமாக இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே அளந்தபோது, வீட்டுக் கழிவுநீர் அடிப்பகுதி மூடப்படாத தொட்டிகளின் வழியே ஓதத்தோடு காயலுக்குள் போய்வருவதையும், கழிவு மிகுந்த கரையில் பவளமும் ஃபோராமினிஃபெராவும் நலிந்திருப்பதையும் கண்டார்கள். உயர்நிலத்துக்குச் செலவிடும் பணத்தின் ஒரு பங்கை ஒழுகாத கழிவுநீர்த் தொட்டிகளுக்கு ஒதுக்கினால், அது குடிநீரையும் காக்கும், வருங்கால மணலையும் காக்கும். கடல்மட்டத்தை நிறுத்த துவாலுவால் முடியாது. இதை அவர்களால் செய்ய முடியும், அதற்கான அறிவும் கையில் இருக்கிறது.

இரண்டாவது, மக்கள் குறைவாக உள்ள வெளித்தீவுகள். அங்கெல்லாம் கடற்கரை முழுவதும் சுவர் எழுப்புவதை நான் எதிர்க்கிறேன். சுவர் எழுந்த இடத்தில் மணல் உள்ளே வருவது நின்றுவிடும், தீவு உயரும் வழியை நாமே அடைத்தவர்களாவோம். வீடுகளைக் கரையிலிருந்து தள்ளி மேட்டில் அமைத்து, கரைக்கு நகர இடம் விட்டால் நல்லது. நனுமாங்கா, நனுமேயா என்ற வெளித்தீவுகளில், பொறியாளர் குறிப்பிட்ட அதே திட்டத்தில் தேர்ந்தெடுத்த கரைகளில் மட்டும் தடுப்பு வரப்புகள் அமைத்திருப்பதை நல்ல முன்மாதிரியாகக் கருதுகிறேன்.


மறுமொழி 6: சுவாவிலிருந்து

கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி மணற்கரை அவர்கள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தரையடி நீர் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் நிற்கும் ஊரில், புதைக்கும் தொட்டி எதுவானாலும் பெருவோதத்தில் மிதக்கப் பார்க்கும் அல்லது நிரம்பி வழியும். ஆகவே தண்ணீர் தேவைப்படாத, தரைக்கு மேலே அமையும், கழிவை மக்கவைத்து உரமாக்கும் கழிப்பறைகள் ஃபுனாஃபுட்டியில் முயன்று பார்க்கப்பட்டன. முதலில் தயங்கிய வீடுகள்கூட, கழிப்பறைக்கு ஊற்றும் நீர் மிச்சமாவதை 2011-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் மதிக்கத் தொடங்கின. ஒரு வீட்டின் மழைத்தொட்டியில் கணிசமான பங்கு கழிப்பறைக்கே போகிறது என்பதால், இது குடிநீரை நீட்டிக்கும் வழியும் ஆகிறது. அதில் கிடைக்கும் உரத்தை மரங்களுக்கு இடலாம், மண்ணே அரிதான தீவில் அது பெரிய வரவு.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களிடம் 10,000 லிட்டர் தொட்டி, ஏழு பேர், மழையில்லாத 60 நாட்கள் என்ற கணக்கைக் கொடுத்து, எதை எதை எந்த நாளிலிருந்து குறைப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதுவதை இங்கே பகிர்ந்தால், அங்குள்ள குடும்பங்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதை நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.